எட்டாவது பில்டும் புத்தூர்க் கல்யாணமும்

அன்றைக்கு இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர்.

திருப்பதியில் அலிபிரி போகிற ரோட்டில், டிராவல்ஸ் ஆபீசுக்கு மேல்மாடியில் என் பிரவுசிங் சென்டர். அதற்குள் நான்கு பேர். ஒன்று நான். இரண்டு, பின்பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்துக் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்த சத்தியவேட்டு வரதன். மூன்று, என்னோடு சண்டை போடுவதற்கென்றே சித்தூரிலிருந்து காலையிலேயே பஸ் பிடித்து வந்த சுகிர்தா. நான்கு, மலையில் மொட்டை போட்டுவிட்டு, ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்று பார்க்க வந்த சேலத்துப் பெரியவர்.

திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். கனடாவில் ஓர் அம்மாள், ஜெர்மனியில் ஒருவர், ஜப்பானில் ஒருவர். இந்த மூவர் முகத்தையும் இன்றுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்களை விட்டுவிட்டு நான்கு பேர் என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. நம் தொழிலில் எது உடைந்தாலும் முதல் கேள்வி, அந்த நேரத்தில் யார் யார் கை வைத்தார்கள் என்பதுதானே? அதனால் சொல்லிவிட்டேன். ஏழு. எட்டாவது ஆள் இல்லை. மூன்று தடவை எண்ணிப் பார்த்தாயிற்று.

புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளா, உங்களுக்கு என் வேலை தெரியும். ஆனால் இதை வீட்டில் அம்மா அப்பாவிடம் படித்துக் காட்டுவீர்கள் என்று சொன்னார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. எந்தக் கணினிக்கும் அடியில் கர்னல் என்று ஒன்று ஓடுகிறது. திரை, விசைப்பலகை, டிஸ்க் எல்லாம் அது சொன்னால்தான் அசையும். யாருக்கும் சொந்தமில்லாத கர்னல் ஒன்று உண்டு. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு துண்டாக எழுதி அனுப்புவார்கள். எல்லாத் துண்டையும் தினமும் ஒன்றாகச் சேர்த்து ஓடுகிற பொருளாக ஆக்கிப் பார்க்க வேண்டும். அதுதான் பில்டு. அது ஆகாமல் நடுவில் நின்றால், யார் துண்டினால் நின்றது என்று கண்டுபிடித்து, அவருக்கு எழுதி, சரிசெய்ய வைத்து, மறுபடி ஓட்டிப் பார்க்கிறவன் நான். சம்பளம்? அப்போது ஒரு பைசா கிடையாது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு, மீதி நேரத்தில் நாலு பழைய மெஷினை வைத்து இதைச் செய்துகொண்டிருந்தேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்ற ஆள் நான். எங்கள் நைனா கரும்பு வெட்டப் போகிற கூட்டத்தோடு ஊர் ஊராகப் போனார், நானும் போனேன். அப்புறம் எப்படிக் கர்னலுக்கு வந்தாய் என்று கேட்பீர்கள். பயம்தான். மலைக்கு நடந்து போக அலிபிரி படி ஏறப் போய், முதல் படியில் காலை வைத்த பிறகு கேஸ் அடுப்பை மூடினோமா என்று திரும்பி வீட்டுக்குப் போகிறவன் நான். பூட்டை இழுத்துப் பார்ப்பேன், நாலு எட்டு நடந்து திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பேன். இந்தக் குணத்துக்கு வீட்டில் திட்டுதான் கிடைத்தது. பில்டு ஓட்டுகிற வேலையில் இதற்கு மரியாதை கிடைத்தது. உலகத்திலேயே என் வியாதிக்குப் பொருத்தமான வேலை இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பாருங்கள், எல்லாப் பூட்டையும் இழுத்துப் பார்க்கிறவன் அன்றைக்கு ஒரே ஒரு பூட்டை மட்டும் இழுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பில்டு உடைந்தது. கனடா அம்மாள்தான் எல்லாத் துண்டையும் சேர்க்கிறவர். சனிக்கிழமை நம் நேரம் மாலை ஐந்து மணிக்குக் கதவை மூடுவேன் என்று எழுதியிருந்தார். அதற்குள் பில்டு ஆகாவிட்டால் அந்த வாரம் வந்த புதுத் துண்டுகள் எதுவும் இந்த வெளியீட்டில் சேராது; அடுத்ததற்கு மூன்று மாதம்.

யார் துண்டு என்று கண்டுபிடிக்க நாம் செய்வது உங்களுக்குத் தெரிந்ததுதான்: வந்த துண்டுகளில் முதல் பாதியை மட்டும் போட்டு ஓட்டு. பில்டு ஆகிவிட்டால் கோளாறு அடுத்த பாதியில். ஆகாவிட்டால் இந்தப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு. ஒவ்வொரு தடவையும் 'ஆச்சு' அல்லது 'ஆகலை' என்று குறி போட வேண்டும். பத்துப் பன்னிரண்டு குறியில் ஓர் ஆள் வந்து நிற்பார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்து நின்ற பெயர் சுகிர்தா. மலிவான நெட்வொர்க் கார்டு ஒன்றை இயக்குகிற துண்டு. நான் அந்தப் பெயரை எழுதி, உலகம் முழுக்கப் போகிற அஞ்சல் பட்டியலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். கடைப்பூட்டை நாலு தடவை இழுத்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தாள். தோளில் பை, கையில் அச்சடித்த என் அஞ்சல், அதன் அடியில் என் கடை முகவரி.

"இங்க கர்னல் பில்டு ஓட்டுறவரு யாரு?"

கர்னலைத் தேடிக்கொண்டு அதுவரை ஒருவரும் அந்தப் படி ஏறியதில்லை. "நான்தான்மா. உக்காருங்க. பிரவுசிங்கா?"

"பிரவுசிங்கா! நான்தான் சுகிர்தா. நீங்க பேர் போட்டு ஊரெல்லாம் தண்டோரா போட்டீங்களே, அந்த சுகிர்தா."

அஞ்சலில் இருக்கிற பெயர் எந்த ஊர்ப் பெயரோ என்று நினைத்திருந்தேன். எழுபது கிலோமீட்டரில் சித்தூரில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவளுக்கு வேறு ஆச்சரியம். கண்ணாடிக் கட்டடம், ஏ.சி., கழுத்தில் அட்டை தொங்குகிற இன்ஜினியர் என்று நினைத்து வந்திருக்கிறாள். கிழிந்த ஸ்டூல், ஜாதகம் பிரிண்ட் எடுக்கப்படும் என்ற போர்டு, நான்.

"இன்னாணா, இதான் ஆபீசா?"

"இதான்மா."

சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கண்ணும் கலங்கிவிட்டது. அவள் பாடம் சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர் இன்ஸ்டிடியூட்டை மூடி மூன்று மாதம். தம்பிக்கு பாலிடெக்னிக் ஃபீஸ் கட்ட வேண்டும். திங்கட்கிழமை பெங்களூரில் ஒரு கம்பெனியில் நேர்காணல். "படிப்பெல்லாம் இருக்கட்டும், வெளியீட்டில் உங்கள் பெயர் இருந்தால் வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதிய துண்டு.

"எங்க ஊட்ல பத்து தடவ ஓட்டிப் பாத்தேன்ணா. ஆவுது. உங்ககிட்ட மட்டும் ஏன் ஆவல? காட்டுங்க."

நியாயமான கேள்வி. காட்டினேன். முதல் பில்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திரையில் ஓட்டிக்கொண்டே வந்தேன். எட்டாவதில் கையை வைத்து நிறுத்தினாள்.

"இத்த படிச்சீங்களா?"

படிக்கவில்லை. 'ஆகலை' என்று சிவப்பாக வந்ததும் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தேன். ஏன் ஆகவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தது: டிஸ்க்கில் இடமில்லை.

இடமில்லை! நிரலில் கோளாறே இல்லை. எழுதி வைக்க மெஷினில் இடம் இல்லாமல் பில்டு நின்றிருக்கிறது. நான் அதைக் கோளாறு என்று குறித்து, பாதையையே திருப்பிவிட்டு, அந்தப் பாதையின் முடிவில் அப்பாவியாக நின்றிருந்த பெண்ணின் கையைப் பிடித்து உலகத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"நேத்து மத்தியானம் இடம் இருந்திச்சே" என்றேன்.

அந்த நேரம் பார்த்து வரதன் பின்பக்கத்திலிருந்து தலையை நீட்டினான். "ணா, நேத்து புத்தூர் கல்யாணத்த உன் பெரிய டிஸ்குல போட்டு வச்சேன், சொல்ல மறந்துட்டேன். பொண்ணு ஊட்டுக்காரங்க நாலு மணிக்கு வராங்க. இன்னாணா ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க?"

ஆயிரத்து நானூறு போட்டோ. அதில் முந்நூறு, மாப்பிள்ளையின் சித்தப்பா சாப்பிடுவது. பந்தியில் ஒரு வரிசை முழுக்க அவர் ஒருவர்தான் தெரிகிறார்.

"அழிச்சிடலாமா?" என்றேன்.

வரதன் கேபிள் மேல் பாய்ந்து விழுந்தான். "ணா, என்னை அழிச்சிட்டு அத்த அழி!"

சி.டி.யில் ஏற்றலாம் என்று முடிவாயிற்று. ஐந்து சி.டி. வேண்டும். அன்று காலைதான் கல்லாவைத் துடைத்து பிராட்பேண்ட் பில்லுக்குக் கொடுத்திருந்தேன். வரதனிடம் பஸ் பாஸ் மட்டும். சுகிர்தா பையைத் திறந்து பணத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் கீழே ஓடினான்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா? வாயை மூடிக்கொண்டு உண்மையான கோளாறைக் கண்டுபிடிக்கலாம். பிறகு ஒரே அஞ்சலில், "மன்னிக்கவும், அது இல்லை, இதோ இதுதான்" என்று கௌரவமாக எழுதலாம். விடை கையில் இருந்தால் தப்பு சின்னதாகத் தெரியும் அல்லவா? இதை அவளிடம் சொன்னேன்.

"கண்டுபிடிக்க எத்தினி நேரம் ஆவும்?"

"நாலு பில்டு. மூணு மணி ஆயிடும்."

"அதுவரிக்கும் என் பேரு அங்கியே தொங்கிக்கினு இருக்குமா?"

"நான் ஒன்பதாவதும்மா" என்று உளறிவிட்டேன். அதுவரை அஞ்சல் பட்டியலில் யாருக்கும் சொல்லாதது. "இவன் சொன்னா சரியா இருக்கும்னு இப்பதான் நம்ப ஆரம்பிச்சிருக்காங்க. டிஸ்க் ரொம்பினதகூட பாக்காதவன்னு தெரிஞ்சா அப்புறம் யார் படிப்பாங்க என் அஞ்சல?"

அவள் அச்சடித்த அஞ்சலை மேசைமேல் வைத்தாள். "நீங்க ஒன்பதாவதுன்னு நான் யாருகிட்டயும் சொல்லலணா. ஆனா நான் தப்பு பண்ணலன்னு நீங்க சொல்லித்தான் ஆவணும்."

எழுதினேன். நாலு வரி. என் டிஸ்க் நிறைந்துவிட்டது. எட்டாவது குறி தப்பு. சுகிர்தாவின் துண்டில் குற்றமில்லை. உண்மையான காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான். என் ஆங்கிலத்துக்கு நாலு வரிக்குமேல் தாங்காது. அதுவே நல்லதாய்ப் போயிற்று. அனுப்பு என்ற பொத்தானை அழுத்திவிட்டு மேசைக்குக் கீழே வயர் சரி பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"ணா, பதில் வருது" என்றாள் சுகிர்தா.

"திட்டா?"

"எழுந்து பாருங்க."

முதல் பதில் ஜெர்மன்காரர். தானும் ஒருமுறை ஒரு வாரம் முழுக்க ஒருவரைக் குற்றம் சாட்டியதாகவும், கடைசியில் பார்த்தால் மின்சார பிளக் லூசாக இருந்ததாகவும் எழுதியிருந்தார். அடுத்து ஜப்பான்காரர்: அவர் மெஷினின் தேதி ஒரு வருஷம் பின்னால் இருந்ததாம், மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்டாராம். பிறகு யார் யாரோ. ஒருவர் பில்டைக் கெடுத்தது வீட்டுப் பூனை. இன்னொருவர் டிஸ்க்கை நிரப்பியது மகனின் கால்பந்து வீடியோ. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உலகம் முழுக்க நம்மைப் போலவே பூட்டை இழுக்க மறந்தவர்கள்! வரதன் ஒவ்வொரு சி.டி.யாக எழுதி எடுத்துக்கொண்டே, "இன்னாணா, கல்யாண ஊடு மாதிரி சிரிக்கிறீங்க?" என்றான். சுகிர்தா அவனுக்குப் பூனைக் கதையைச் சொல்ல, அவன் சித்தப்பா போட்டோவைக் காட்ட, அந்த அரைமணி நேரம் நாங்கள் யாருமே சரியான புத்தியில் இல்லை.

டிஸ்க் காலியானதும் எட்டாவதிலிருந்து ஓட்டினேன். இந்தத் தடவை ஒவ்வொரு கடைசி வரியையும் இரண்டு பேரும் வாய்விட்டுப் படித்தோம். மூன்றே காலுக்கு விடை வந்தது. ஜப்பான்காரர் துண்டு தனியாக நல்லது. ஜெர்மன்காரர் துண்டு தனியாக நல்லது. சேர்த்தால்தான் வினை. ஒருவர் வீட்டுப் பூட்டை மாற்றியிருக்கிறார். அதே நாளில் இன்னொருவர் பழைய பூட்டுக்குச் சாவி செய்திருக்கிறார். இரண்டு பேருக்கும் எழுதினேன், கனடா அம்மாளுக்கும் நகல் போட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்த நேரம். உடனே பதில்: நல்லது, யாராவது சரிசெய்யுங்கள், வந்ததைச் சேர்க்கிறேன்.

யாராவது! அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷத்தில் இருந்தேன்.

ஜெர்மன்காரர் பெரிய மனுஷன். தன் சாவியைப் புதுப் பூட்டுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பினார். ஜப்பான்காரர் அவரைவிடப் பெரிய மனுஷன். எதற்கு அவருக்குத் தொந்தரவு என்று தன் பூட்டைப் பழையபடி ஆக்கி அனுப்பினார். இரண்டும் ஒரே நிமிஷத்தில் வந்தன. கனடா அம்மாள் இரண்டையும் சேர்த்தார். இப்போது புதுச் சாவி, பழைய பூட்டு. உடைந்தது.

எழுதினேன். இரண்டு பேரும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார்கள். ஜெர்மன்காரர் உடனே சாவியைப் பழையபடி ஆக்கினார். ஜப்பான்காரர் உடனே பூட்டைப் புதிதாக்கினார். மறுபடி உடைந்தது! மணி நாலு. சுகிர்தா தலையில் கை வைத்துக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக, "ரெண்டு பேரும் கெட்டவங்களா இருந்திருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்ணா" என்றாள்.

மத்தியானத்திலிருந்து மூலையில் உட்கார்ந்திருந்த சேலத்துப் பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். அவர் டிக்கெட் உறுதியாகி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ரயில் ஏழு மணிக்கு. இங்கே நடப்பதை விட்டுப் போக மனம் வரவில்லை.

"ஏனுங்க, பூட்டு சாவின்னு பேசிக்கறீங்களே, ஆரு பண்றதுன்னு ஆருமே சொல்லலீங்களா?"

"இல்லீங்க ஐயா. வந்தவங்க பண்றாங்க."

"அதெப்படிங்க? நேத்து மேல நான் அத்தன கூட்டத்துல சாமி பாத்துட்டு வந்தேன். டோக்கன் இருக்கறவந்தான் உள்ள போறான். இல்லாதவன் எவ்வளவு பெரிய பக்தனா இருந்தாலும் வெளிய நிக்கோணும். ஒருத்தருகிட்ட டோக்கனக் குடுங்க."

சுகிர்தா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஒன்பதாவது படித்தவன் ஜெர்மன்காரரை நில் என்று சொல்வதா? ஆனால் காலையில் ஒருமுறை மானம் போய் உயிரோடு இருந்தவனுக்கு இரண்டாவது தடவை அவ்வளவு பயமில்லை. எழுதினேன்: டோக்கன் ஜெர்மன்காரர் கையில். சாவியை அவர் மட்டும் மாற்றுவார். ஜப்பான்காரர் தயவுசெய்து எதையும் தொட வேண்டாம். கனடா அம்மாள் அந்த ஒன்றை மட்டும் சேர்க்கவும். மற்ற எல்லோரும் வெளியே நிற்கவும்.

முதலில் ஜப்பான்காரர் எழுதினார்: நான் வெளியே நிற்கிறேன்.

சாவி நாலு முப்பதுக்கு வந்தது. முழு பில்டு நாற்பது நிமிஷம். ஐந்துக்கு மூடுகிறவர்களுக்கு ஐந்து பத்துக்கு முடிகிற பில்டு! கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. சுகிர்தா திரைக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். பெரியவர் மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார். வரதன், வந்து காத்திருந்த பெண் வீட்டுக்காரர்களைக் கீழேயே நிறுத்திவிட்டு வந்து நின்றான். நான் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தேன்.

மணி ஐந்து. கனடா அம்மாளிடமிருந்து ஒரு வரி வந்தது. காலையில் தன் தப்பைத் தானே சொன்னவரின் பில்டு முடியட்டும், என் காபி இன்னும் சூடாகத்தான் இருக்கிறது என்று.

ஐந்து பதின்மூன்றுக்கு ஆயிற்று. கடைசி வரியை நாலு பேரும் சேர்ந்து படித்தோம். பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவரும் படித்தார். வரதன் என்னைத் தூக்கினான். நான் ஃபேனில் இடித்துக்கொள்ளப் போகிறேன் என்று கத்தினேன். சுகிர்தா அவள் பெயர் இருக்கிற வரியைத் திரையில் விரலால் தொட்டுக்கொண்டே நின்றாள்.

பிள்ளைகளா, உங்கள் அஞ்சல் பட்டியலில் இன்றும் ஒருவர் வேலையை எடுக்கும்போது 'டோக்கன் என்னிடம்' என்று எழுதுகிறீர்களே, அது சேலத்துப் பெரியவர் கொடுத்தது. கோளாறுக்குப் பெயர் போடுவதற்கு முன்னால் டிஸ்க்கைப் பார் என்று முதல் நாளே உங்களுக்கு ஒரு தாள் கொடுக்கிறார்களே, அது புத்தூர்க் கல்யாணம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிற மேடம், உங்கள் வேலைக்கு மார்க் போடுகிறவர், அன்று பஸ்ஸில் வந்தவர். அடுத்த வருஷமே என்னையும் பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். நேர்காணலில் என்ன படித்திருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டபோது, நான் வாயைத் திறக்கும் முன், "கடைசி வரியைப் படித்திருக்கிறார்" என்று சொன்னார்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, ஐந்து சி.டி.க்கான பணத்தை உறையில் போட்டு அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "வச்சிக்கோங்கணா. கடன் இருக்கிற வரிக்கும்தான் என் பேரு போடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிப்பீங்க" என்றார்.

சி.டி. ஒன்று இருபத்தைந்து ரூபாய். ஐந்துக்கு நூற்று இருபத்தைந்து. இன்னும் பாக்கி.